இருபத்து நான்காவது கடிதம்

வியாழக்கிழமை ஏழரைக்கு
அரிசிப்பாளையம் சைக்கிள் கடை மாடியில்
பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
மின்விசிறி போட்டால் தாள்கள் பறக்கும்,
போடாவிட்டால் நாங்கள் உருகுவோம்.
உருகினோம்.

ஆளுக்கு ஒரு பெயர் வரும்.
வயது வராது. படம் வராது.
எனக்கு வந்த துண்டுச் சீட்டில்
ஊழியர் ஏசுவடியானின் சாய்ந்த எழுத்து:
அப்ரெஹெத்.
செங்கடலோரம். கப்பல் சரக்குப் பெட்டிக்குள் அடைப்பு.
வீட்டில் கூடி ஜெபித்த குற்றம்.

"ஆபிரகாம் மாதிரி இருக்கே" என்றார் மரகதசீலி அக்கா.
இருந்தது.
அன்றிரவே அவருக்குத் தாடி வைத்துவிட்டேன்,
கையில் ஒரு கோலும்.

எழுதக் கூடாதவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டு.
சிறை என்று எழுதாதே. அரசாங்கம் என்று எழுதாதே.
சபையின் பெயர், பணம், எப்போது விடுதலை
எதுவும் கேட்காதே.
மிச்சம் என்ன இருக்கிறது?
வெயில் இருந்தது. எழுதினேன்:

அன்புள்ள சகோதரனே,
செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை.
கொலுசுக்கு முத்து பற்றவைக்கிறேன்.
ஒரு பக்கம் ஊதுகுழல் நெருப்பு, மறுபக்கம் மே மாதம்.
மதியம் மூன்று மணிக்கு உங்கள் சூடு எனக்கும் தெரியும்.

கடைசி வரியை அடித்தேன்.
எனக்கு ஆறு மணிக்குக் கதவு திறந்துவிடும்.

ஜோடிக்கு ஒரு ரூபாய்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்துத்
தபால் செலவுக்குக் கொடுத்தேன்.
யாரோ ஆங்கிலமாக்கி, வேறு யாரோ
அந்த ஊர்ப் பேச்சாக்கி
எத்தனை கை மாறியதோ.
இரண்டு வருஷம், இருபத்து மூன்று கடிதம்.
பதில் எதிர்பார்க்காதே என்பதும்
பட்டியலில் இருந்தது, கடைசி வரியாக.

மார்ச் முடிவில் ஏற்காட்டில் ஜெபக் கூட்டம்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி வந்தார் மரகதசீலி அக்கா.
முதல் மழை விழுந்து ஒன்பதாம் நாள்.
காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை.
மூச்சுக்கு வழிவிடாத வாசனை.
அங்கே வந்திருந்தாள் செலாம்,
சேலத்தில் நர்சிங் படிக்கிறவள், அந்தக் கரையைத் தப்பியவள்.
"எங்கள் வீட்டில் கொட்டை வறுக்கிற வாசனைதான் தெரியும்,
இது புதுசு" என்று ஒரு கிளையை வளைத்துப் பிடித்திருந்தாள்.

பெயரைச் சொன்னேன்.
மறுபடி சொல்லச் சொன்னாள்.
மூன்றாம் முறை,
"அது பெண்" என்றாள்.

வெளிச்சம் தந்தவள் என்று பொருளாம்.
அதைப் பிறகு சொன்னாள், என் காதில் ஏறவில்லை.

இருபத்து மூன்று சகோதரனே.
பெட்டிக்குள் ஒரு பெண்.
மாத நாட்களில் துணிக்கு என்ன செய்கிறாள்?
தலை பின்ன ஆள் உண்டா, முடியையே மழித்துவிட்டார்களா?
பால் மறவாத பிள்ளை யார் கையிலாவது இருக்கிறதா?
கோலும் தாடியும் மறைத்துக்கொண்டு
நான் கேட்காமல் விட்ட விண்ணப்பங்கள்.

"கர்த்தருக்குத் தெரியாதா ஆணா பெண்ணான்னு?
சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கும் போ" என்றார் அக்கா.
அவருக்குத் தெரியும்.
மொழிபெயர்த்தவருக்கும் தெரிந்திருக்கும், திருத்தியிருக்கலாம்.
திருத்தாமல் போயிருந்தால்,
போய்ச் சேர்ந்திருந்தால்,
சிரித்திருப்பாளோ?
அந்த இருட்டில் சிரிக்க ஒன்று கொடுத்தேனோ?

இந்த வியாழன்.
மின்விசிறியை நிறுத்தியாயிற்று.

அன்புள்ள அக்கா,
அடித்தேன். தங்கையாகவும் இருக்கலாம்.

அன்புள்ள அப்ரெஹெத்,
காப்பிப் பூ ஒன்று வைத்து அனுப்ப நினைத்தேன்.
பொருள் எதுவும் வைக்காதே என்கிறார்கள்.
வெள்ளையாக இருந்தது, கிளையோடு ஒட்டிக்கொண்டு.
மூன்றே நாளில் பழுத்துவிட்டதாம்.
நான் வெள்ளி வேலை செய்கிறவள், முன்பே எழுதியிருக்கிறேன்.
உன் கணுக்கால் சுற்றளவு என்ன?
அதைக் கேட்கக் கூடாது என்று
பட்டியலில் இல்லை.